ஒரு ஸ்போரன் என்ன விலை

எங்கள் மேல்வீட்டுக்காரர் ஸ்கொட்லாந்தில் பிறந்தவர். லண்டனில், பிளேஸ்டோவில், நாங்கள் கீழ்வீட்டில் இருக்கிறோம். அவர் மேலே தனியாக இருக்கிறார். பின்வளவு எங்களுடையது. அவருக்கு அதைப் பார்க்கிற ஜன்னல் மட்டும். மனைவி இறந்த பிறகு தேத்தண்ணீர்க் கோப்பையோடு அந்த ஜன்னலடியிலேயே இருப்பார். நான் உடுப்புக் காயப்போட வெளியே வந்தால் கையை உயர்த்துவார். நானும் உயர்த்துவேன். இத்தனை வருடங்களில் எங்களுக்குள் நடந்த பேச்சில் பெரும்பகுதி அதுதான்.

எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம் விளங்கும். பேசத்தான் வெட்கம். ஊரில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிறகு சுவிஸில் இருந்தபோது ஜெர்மன் கொஞ்சம் பழகி, அது வாயில் படிந்து வரும் நேரத்தில் லண்டனுக்கு வந்துவிட்டோம். இங்கே வால்தம்ஸ்டோவில் ஒரு சலவைக் கடையில் வேலை. உடுப்பு வாங்குகிற மேசை முன்பக்கம். நான் பின்பக்கம், அயர்ன் மெஷினோடு. அந்த ஆவிக்குள் நின்றால் யாரோடும் கதைக்கத் தேவையில்லை.

கந்தசஷ்டி தொடங்கிய கிழமை மேல்வீட்டுக்காரர் எங்கள் கதவைத் தட்டினார். கையில் ஒரு பெரிய துணிப்பை. சனிக்கிழமை பேத்திக்குக் கலியாணம், ஸ்கொட்லாந்தில். வெள்ளி காலை ரயில். அவ்வளவும் எனக்கு விளங்கியது. பைக்குள் அவருடைய கில்ட் இருந்தது. கட்டம் போட்ட கம்பளித் துணி, பின்பக்கம் முழுக்க மடிப்பு. நல்ல நாட்களில் அங்கே ஆண்கள் உடுப்பது. அதை அயர்ன் பண்ணி மினுக்கித் தரமுடியுமா என்று கேட்டார்.

பிறகு பைக்குள் கைவிட்டு இன்னொன்றை எடுத்தார். அதன் பெயர் ஸ்போரன் என்று எனக்கு இரண்டு முறை சொல்லித் தந்தார். கில்ட்டில் பொக்கற் இல்லை. அதனால் வீட்டுத் திறப்பு, காசு எல்லாம் வைக்க ஒரு பையைச் சங்கிலியில் கோத்து இடுப்பைச் சுற்றிக் கட்டி, முன்னால் தொங்கவிடுகிறார்கள். எங்கள் ஆட்கள் வேட்டிக்கு மேலே கட்டுகிற, பை வைத்த பச்சை பெல்ட்டுக்கும் அதே வேலைதான். ஆனால் இது ஒரு நகை மாதிரி இருந்தது. மேலே அரைவட்டமாக வெள்ளிப் பூண். கீழே சாம்பல் நிறத்தில் பளபளக்கும் சீல் தோல், மயிரோடு. அதன்மேல் மூன்று குஞ்சங்கள்.

அவர் அந்த மயிரை ஒரு பக்கமாகத் தடவிக்கொண்டே நீளமாக ஏதோ சொன்னார். அவர் இங்கிலீஷ் வேறு மாதிரி. சொற்கள் தொண்டைக்குள் உருண்டு வரும். வைஃப், பிஸ்கட், டின், வின்டர். இந்த நாலு சொல் எனக்குப் பிடிபட்டது. குளிர்காலத்தில் மனைவி இதற்குள் பிஸ்கட் வைத்தாராக்கும் என்று நினைத்து, "யேஸ், யேஸ்" என்று தலையாட்டினேன். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. பிஸ்கட்டுக்கு ஏன் கண் கலங்குகிறார் என்று யோசித்தேன், கேட்கவில்லை.

அடுத்த நாள் எல்லாவற்றையும் கடைக்குக் கொண்டுபோனேன். முதலாளி என்னைவிட வயது குறைந்தவர், பிரான்ஸிலிருந்து வந்த எங்கள் ஆள். மடிப்புள்ள உடுப்புக்கு எங்கள் கடையில் மடிப்புக்கு இவ்வளவு என்று காசு. அவர் கில்ட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அண்ணை, உங்கடை மேல்வீட்டு மனுசன் எண்டபடியால் விடுறன். இல்லாட்டி இந்த மடிப்புக் காசிலை கடை வாடகையே கட்டியிருப்பன்."

"இந்தப் பை?"

"ஐயோ, தோலும் மயிரும் எங்கடை மெஷினுக்கை போகாது. போனால் நனைஞ்ச எலி மாதிரித்தான் வெளியிலை வரும். வீட்டை கொண்டுபோய் நீங்களே துடைச்சுக் குடுங்கோ."

கில்ட்டின் மடிப்புகளை ஒவ்வொன்றாக நூலோட்டிப் பிடித்து ஆவி கொடுக்கவேண்டும். அதைக் கடையிலேயே வைத்துவிட்டு, ஸ்போரனை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

வெள்ளிப் பூண் கறுத்துப்போயிருந்தது. வெள்ளிச் சாமானை எங்கள் வீட்டில் விபூதி போட்டுத்தான் துடைப்போம். விளக்கு, சந்தனக் கிண்ணம் எல்லாம். வேறு எதுவும் எனக்குத் தெரியாது. சுவாமித் தட்டிலிருந்து கொஞ்சம் விபூதி எடுத்து, சோபாவில் இருந்துகொண்டு, ஸ்போரனை மடியில் வைத்துத் தேய்க்கத் தொடங்கினேன். வெள்ளி முகம் பார்க்கிற மாதிரி வந்தது. ஓரத்தில் சின்ன இலைகள் செதுக்கியிருந்தது அப்போதுதான் தெரிந்தது. மனைவி குளித்துவிட்டு விளக்கேற்ற வந்தாள்.

"என்னப்பா உது மடியிலை? பூனையே?"

"பூனையில்லை. மேல்வீட்டுக்காரற்றை பை."

"பைக்கு ஏன் மயிர்?"

"அது சீல் தோல். கடலிலை இருக்கிற மிருகம்."

"மீனே?"

"மீன் மாதிரித்தான். மயிர் இருக்கும்."

அவள் சுவாமித் தட்டைப் பார்த்தாள். பிறகு என் விரல்களைப் பார்த்தாள்.

"சஷ்டியிலை நான் பாலும் பழமுமாய்க் கிடக்கிறன். நீங்கள் முருகன்ரை விபூதியை எடுத்துச் செத்த மிருகத்துக்குப் பூசிக்கொண்டிருக்கிறியளோ?"

"வெள்ளிக்குத்தான் பூசினனான்."

"அந்த வெள்ளி எதிலை ஒட்டிக் கிடக்குது?"

அவள் என் மடியிலிருந்த ஸ்போரனை இரண்டு விரலால் தூக்கிக் கடைப் பை ஒன்றுக்குள் போட்டு, பின்கதவைத் திறந்து, வெளியே கிடந்த பிளாஸ்டிக் கதிரையில் வைத்தாள். "மழை இல்லை. விடிய எடுத்துக்கொண்டு போய்க் குடுங்கோ" என்றாள். முழங்கைவரை கழுவிவிட்டு விளக்கேற்றினாள். எனக்கும் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

விடிய நான் பின்கதவைத் திறந்தபோது கதிரை விழுந்து கிடந்தது. பை கிழிந்திருந்தது. சங்கிலி புல்லில் கிடந்தது. வேலியடியில், நரிகள் நுழைவதற்குத் தோண்டி வைத்திருக்கிற பள்ளத்துக்குப் பக்கத்தில், ஒரே ஒரு குஞ்சம். அந்த நரிகள் எங்களுக்குப் புதியவை அல்ல. போன வருடம் என்னுடைய செருப்பில் ஒன்றைக் கொண்டுபோனவை. மற்றதை எனக்கு விட்டுவைத்தன. வேலிக்கு அந்தப் பக்கம் முட்பற்றை, அதற்கு அப்பால் ரயில் பாதை. வேலியில் ஏறி எட்டிப் பார்த்தேன். பற்றையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பிறகு மேலே பார்த்தேன். ஜன்னல் திரை இன்னும் திறக்கவில்லை.

மனைவி வாசற்படியில் வந்து இருந்துவிட்டாள்.

"நான்தானே வெளியிலை வைச்சனான்."

"நான்தானே வீட்டுக்கை கொண்டுவந்தனான்."

"புதுசு ஒண்டு வாங்கிக் குடுப்பம். என்ன விலை வரும்? இருபது பவுண்?"

"முப்பது வரும்" என்றேன், பெரிய அனுபவசாலி மாதிரி.

கடையில் முதலாளி போனில் தேடிப் பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் மாறியது. "அண்ணை, முதல்லை ஒருக்கா இருங்கோ" என்றார். நான் இருந்தேன். "பிரான்ஸிலை நான் வாங்கின முதல் கார் இதைவிட மலிவு." ஓடர் பண்ணினால் சனிக்கு முன் வராது என்றும், நகரத்துக்குள் இந்தச் சாமான் விற்கிற கடை ஒன்று இருக்கிறது என்றும் சொல்லி, வழியையும் காட்டி, அரைநாள் லீவும் தந்தார்.

அந்தக் கடை வாசலில் நான் கொஞ்ச நேரம் நின்றேன். கண்ணாடிக்குள் விலை எதுவும் எழுதியிருக்கவில்லை. விலை எழுதாத கடைக்குள் எனக்குக் கால் போகாது. கதவடியில் நின்றதைப் பார்த்து உள்ளே இருந்த பையன் ஒருவன் தானே வந்து திறந்துவிட்டான். அவனும் கில்ட்தான் உடுத்திருந்தான்.

"கலியாணமா?" என்று கேட்டான்.

"யேஸ்."

"எப்போது?"

"சனி."

"நீங்கள் மாப்பிள்ளையின் தகப்பனா?"

இல்லை என்றால் அதற்குப் பிறகு விளக்கம் சொல்லவேண்டும். "யேஸ்" என்றேன்.

அதன் பிறகு என்னால் ஒன்றையும் நிறுத்த முடியவில்லை. அவன் அளவு நாடாவை எடுத்து என் இடுப்பை அளந்தான். முழங்காலை அளந்தான். பெருமையோடு எல்லாவற்றையும் கொண்டுவந்து கண்ணாடி மேசையில் பரப்பினான். பகலில் கட்டுகிற ஸ்போரன், வெறும் தோல், அறுபது பவுண். விருந்துக்கும் வேறு நாட்களுக்கும் பொதுவாகக் கட்டுகிறது, முன்பக்கம் மட்டும் மயிர், நூற்றைம்பதுக்கு மேல். கலியாணத்துக்கு என்றே இருப்பது, மயிரும் பூணும் குஞ்சமும், முந்நூறைத் தாண்டிப் போனது. சங்கிலி தனி. சங்கிலியைத் தனியாக விற்பார்கள் என்று நான் நினைத்திருக்கவில்லை. என்னிடம் இருந்ததே அதுதான். கில்ட் பறக்காமல் குத்துகிற ஊசி தனி. பெல்ட் ஒரு விலை, அதன் பூட்டு வேறு விலை. காலுறைக்குள் செருகுகிற சின்னக் கத்தி ஒன்று, அதுவும் அறுபது. இந்த ஊரில் கத்தியோடு பிடித்தால் பொலிஸ் கொண்டுபோகும். இவர்கள் அதைக் காலுறைக்குள் வைத்துக்கொண்டு கலியாணத்துக்குப் போகிறார்கள்.

எண்கள் எனக்கு எந்த மொழியிலும் விளங்கும். அன்று விளங்காமல் இருந்திருந்தால் நன்றாயிருக்கும்.

"சீல்?" என்று கேட்டேன். தலையை மெல்ல ஆட்டினான். இப்போது புதிதாக விற்கக்கூடாது, சட்டம். பழையது எங்காவது ஏலத்துக்கு வந்தால் உண்டு. வெள்ளிப் பூணோடு என்றால்... அவன் ஒரு விலை சொன்னான். என்னுடைய ஒரு மாதச் சம்பளம்.

அறுபது பவுண் பையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பழுப்பு நிறம், மொழுமொழுவென்று. பஸ் கொண்டக்டரின் பை மாதிரி இருந்தது. சட்டைப் பையில் அதற்கான காசு இருந்தது. ஆனால் இதைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தால், நீங்கள் கண் கலங்கிய சாமான் இவ்வளவுதான் என்று நான் சொல்வது போல ஆகாதா? நூற்றைம்பதும் முந்நூறும் என்னால் முடியாது. அறுபது கொடுக்க மனம் வரவில்லை. பையன் புன்னகையோடு காத்துக்கொண்டு நின்றான். அவனுக்கு ஒரு பிற்பகல் முழுவதையும் வீணாக்கிவிட்டேன் என்ற எண்ணம் என்னை நெருக்கியது. ஒன்றும் வாங்காமல் அந்தக் கதவால் வெளியே போக எனக்குத் தைரியம் இல்லை.

காலுறை மடிப்புக்குக் கீழே ஒரு விரல் நீளத்துக்குத் தொங்கவிடுகிற சிவப்புத் துணி நாடா ஒரு சோடி இருந்தது. பதினைந்து பவுண். அங்கே இருந்ததிலேயே மலிவு அதுதான். அதை வாங்கிக்கொண்டு வந்தேன்.

"என்னப்பா இது?" என்றாள் மனைவி.

"காலிலை கட்டுறது."

"துலைஞ்சது இடுப்பிலை கட்டுறதெல்லே?"

அன்று மாலை, தூர நகரத்தில் படிக்கிற மகளுக்குப் போன் எடுத்துச் சொன்னோம். "அப்பா, ஜஸ்ட் சொல்லுங்கோ. இட்ஸ் நொட் யுவர் ஃபோல்ட். இல்லாட்டி ஸ்பீக்கரிலை போடுங்கோ, நான் சொல்றன்" என்றாள். வேண்டாம் என்றேன். பெற்ற பிள்ளையை முன்னால் விட்டு மன்னிப்புக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. படிக்கட்டில் ஏறும்போது சொல்லவேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

முதலில், கடையில் மினுக்கி எடுத்துவந்த கில்ட்டைக் கொடுத்தேன். அவர் அதைக் கட்டிலில் விரித்து, ஒவ்வொரு மடிப்பாக விரல் வைத்துப் பார்த்து, விசிலடித்தார். இவ்வளவு கூராக அது ஒருநாளும் இருந்ததில்லை என்றார். அவருடைய சந்தோஷத்துக்கு நடுவில் நின்று சொன்னேன்.

"யுவர் பேக்... பொக்ஸ் டேக். ஐ ஆம் சொறி. பொக்ஸ்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது. என் தோளில் தட்டினார். "நோ, நோ, தாங்க்யூ" என்றார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எப்பேர்ப்பட்ட மனிதர் என்று நினைத்துக்கொண்டு கீழே வந்தேன்.

மனைவி படிக்கட்டின் அடியிலேயே நின்றாள். "என்ன சொன்னவர்?"

"தாங்க்யூ எண்டார்."

"நரி கொண்டுபோனதுக்குத் தாங்க்யூவோ?"

"கையும் குடுத்தவர்."

"நீங்கள் என்னத்தைச் சொன்னனீங்கள்?"

நான் சொன்னதை அப்படியே சொன்னேன். போனில் இன்னும் காத்துக்கொண்டிருந்த மகளின் குரல் மேசையிலிருந்து வந்தது. "ஓ நோ. அப்பா, அவர் பொக்ஸ் எண்டு நினைச்சிருப்பார்."

"அதுதானே சொன்னனான். பொக்ஸ்."

"பெட்டி, அப்பா! நீங்கள் பெட்டியிலை போட்டு வைச்சிருக்கிறியள் எண்டு நினைச்சிருக்கிறார்."

நரிக்கும் பெட்டிக்கும் என் வாயில் ஒரே சொல்தான் வரும். இங்கிலீஷில் நரி என்கிற சொல்லின் தொடக்கத்தில் வருகிற அந்தக் காற்றுச் சத்தம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. மகள் போனிலேயே பழக்கிப் பார்த்தாள். மேல் பல்லைக் கீழ் உதட்டில் வைத்து ஊதச் சொன்னாள். ஊதினேன். விசில்தான் வந்தது. மனைவி சிரிக்கத் தொடங்கி, விரத நாள் என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. மறுபடியும் மேலே ஏறிப் போக என்னால் முடியவில்லை. மேலே அவர் நடமாடுகிற சத்தமும், ஏதோ பாட்டை மூக்கால் இழுக்கிற சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன.

வெள்ளி காலை அவரே வந்தார். சூட்கேஸை வாசலில் வைத்து, இரண்டு கையையும் நீட்டி, சிரித்தபடி, "பொக்ஸ்?" என்றார்.

நான் அவரைப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கதிரையைக் காட்டினேன். கிழிந்த பையைக் காட்டினேன். அவருக்கு விளங்கவில்லை. பெட்டி எங்கே என்று சுற்றிப் பார்த்தார். கடைசியில் அந்தக் கிழிந்த பையை எடுத்து வாயில் கவ்விக்கொண்டு, ஈரப் புல்லில் நாலு காலில் நின்றேன். அப்படியே வேலிவரை போனேன். பள்ளத்துக்குள் தலையை விட்டுக் காட்டினேன். யாராவது பார்த்தால் வெட்கத்தில் செத்துவிடுகிற ஆள் நான். அன்று அவரும் என் மனைவியும் பக்கத்து வீட்டு ஜன்னலில் ஒரு பிள்ளையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

திரும்பி எழும்பியபோது அவர் சிரிக்கவில்லை. விளங்கிவிட்டது. சங்கிலியையும் குஞ்சத்தையும் கொடுத்தேன். குஞ்சத்தின் மயிரை ஒரு பக்கமாகத் தடவினார். மெல்ல ஏதோ சொன்னார். வைஃப். பிஸ்கட். டின். அதே சொற்கள். இந்த முறை எனக்கு யேஸ் சொல்ல வரவில்லை. போனில் மகளை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் நெடுநேரம் சொன்னார். பிறகு போன் என்னிடம் வந்தது.

"அப்பா, அவற்றை வைஃப், அந்த ஆன்ட்டி, ஃபாக்டரியிலை வேலை செய்யேக்கை ரெண்டு வின்டர் பிஸ்கட் டின்னுக்கை காசு சேத்து வாங்கிக் குடுத்ததாம். அவையின்ரை வெடிங்குக்கு."

"கோவமே?"

"கோவம் இல்லை. இப்ப முன்னாலை என்னத்தைக் கட்டுறது எண்டு கேட்டவர். நான் என்ன சொல்ல?"

அப்போதுதான் அந்த அறுபது பவுண் பை என் நினைவுக்கு வந்தது. பஸ் கொண்டக்டர் பை மாதிரி இருந்தால் என்ன? இடுப்பில் தொங்க ஒன்று இருந்திருக்கும். நான் என் மனத்துக்குள் மரியாதை, அவமரியாதை என்று கணக்குப் பார்த்துக்கொண்டு நின்றேனே தவிர, அவர் சனிக்கிழமை கலியாண வீட்டில் எப்படி நிற்பார் என்று நினைக்கவில்லை. வாசலில் டாக்ஸி ஹோன் அடித்தது. என்னிடம் இருந்தது சிவப்பு நாடா ஒரு சோடிதான். அதைக் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கோட் பைக்குள் வைத்துக்கொண்டார். மனைவி அவருடைய சூட்கேஸைத் தானே தூக்கி டாக்ஸிவரை கொண்டுபோனாள். காலையில் ஒரு வாய் பால்தான் குடித்திருந்தாள்.

இரண்டு கிழமை கழித்துக் கலியாணப் படம் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். பேத்திக்குப் பக்கத்தில் நிற்கிறார். கில்ட்டின் மடிப்புகள் நான் வைத்தபடியே நிற்கின்றன. காலுறையில் என் சிவப்பு நாடாக்கள் தெரிகின்றன. முன்னால், ஸ்போரன் இருக்கவேண்டிய இடத்தில், தன் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறார். எல்லாப் படத்திலும் அப்படித்தான் நின்றாராம். பேத்தியின் தோளில் கை போடுகிற படம் ஒன்றுகூட இல்லை. அதை மகள்தான் கேட்டுச் சொன்னாள். எனக்குக் கேட்கப் பயமாயிருந்தது.

நான் இன்னமும் போனில் விலை பார்க்கிறேன். மகள் பழக்கிவிட்டிருக்கிறாள். சீல் தோல், வெள்ளிப் பூண் என்று பழையது இடைக்கிடை வருகிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விலை ஏறி, யாரோ கொண்டுபோய்விடுகிறார்கள்.

நரி இன்னும் வருகிறது. பகலிலேயே வந்து கதிரைக்குக் கீழே மோந்து பார்க்கிறது. அது வந்தால் அவர் மேலே ஜன்னலைத் திறந்து, எனக்குக் கேட்கும்படி, "பொக்ஸ்!" என்று கூப்பிடுகிறார். ஃபொக்ஸ் என்று சரியாகச் சொல்லத் தெரிந்தவர், நான் சொல்கிற மாதிரியே சொல்கிறார். நான் பின்கதவைத் திறந்து மேலே பார்ப்பேன். கண்ணாடியில் வெளிச்சம் பட்டு அவர் முகம் தெரியாது. கையை உயர்த்துவேன். அவரும் உயர்த்துவார்.